தோழி இல்லாத கடைசி வாரம்

தென்காசி
20.6.2025, வெள்ளி

சத்யபிரியாவுக்கு,

'அன்புள்ள' என்று போட்டுப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. வேறு தாள் எடுத்துவிட்டேன்.

இன்று காலை ஆய்க்குடியில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். என் மாமியார் வாரப் பத்திரிகையை வைத்துக்கொண்டு உன் தொடர்கதையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். பதினான்காம் வாரம். கல்யாணம் வேண்டாம் என்று வீட்டைவிட்டுக் கிளம்பிய ஒரு பெண் மழையில் குற்றாலத்து லாட்ஜுக்கு வருகிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு வந்து விடுவது, லாட்ஜ் வரவேற்பில் வேலை பார்ப்பவளின் தோழி. இதுவரைக்கும் கதை என்று சொல்லிச் சமாளிக்கலாம். அடுத்து அந்தப் பெண் படுக்கப் போகும்போது தலையணை உறையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி மாட்டுகிறாள். அந்த இடத்தில் அத்தையின் குரல் நின்றுவிட்டது.

"ஏட்டி ஆனந்தி, இங்கன வா. இது நம்ம காளியில்லா?"

தோசை கருகியது. என் முகத்தையும் அவர் பார்த்திருப்பார்.

என் நாத்தனார் காளீஸ்வரி ஆறு வயதிலிருந்து வெளியூரில் எங்கே படுத்தாலும் அப்படித்தான் செய்வாள். ஊரான் தலை வைத்த பக்கம் அவளுக்கு ஆகாது. அதைப் பார்த்தவர்கள் மிஞ்சிப்போனால் நாலு பேர். அதில் ஒருத்தி நீ. போன ஆகஸ்டில், நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, "மைனி, கெடச்ச வேலைக்குப் போறேன்னுதான சொல்லுதேன், ஏன் ஒருத்தரும் காது குடுக்க மாட்டேங்கீங்க" என்று அவள் என் கையைப் பிடித்து அழுதாள். நான்தான் அவளை உன்னிடம் கூட்டிவந்தேன். நீதான் ரெஜிஸ்டரில் பெயர் எழுதாமல் இரண்டு நாள் அறை கொடுத்தாய். போட்டோவோடு தேடிவந்த என் கணவரிடம், "காளி இங்க வரலையே அண்ணாச்சி" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னாய். சாகும்வரை உனக்குக் கடமைப்பட்டவள் என்று நினைத்திருந்தேன். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதை எடுத்துப் பத்திரிகையில் போட்டுவிட்டாய்.

கல்லூரி நாளிலிருந்து நமக்குள் ஒரு வழக்கம். நீ எழுதுவதை எல்லாம் அச்சுக்குப் போகுமுன் நான் படிப்பேன். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரியை நான் அடிக்கலாம், நீ காரணம் கேட்கக்கூடாது. இந்தத் தொடரிலும் பதின்மூன்று வாரம் அனுப்பினாய், பதின்மூன்று வரி அடித்தேன். பதினான்காவது ஏன் என் கைக்கு வரவில்லை?

இவர் காலைச் சாப்பாட்டுக்கு வந்தபோது அத்தை பத்திரிகையை நீட்டினார். இவர் சிரிக்கவில்லை. போலீஸ்காரர் அல்லவா, முதலில் இருந்து படித்தால்தான் புரியும் என்று பழைய இதழ்களைக் கேட்டார். வீட்டில் பழையது தங்காது, நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து பதின்மூன்று இதழ்களையும் நானே சுமந்துபோய்க் கொடுக்க வேண்டும். என் தலையெழுத்தைப் பார்.

தங்கையைத் தேடிக் கொண்டுவராமல் விடமாட்டேன் என்று அவர் சொன்னது இன்னும் அப்படியே இருக்கிறது. அவளை அனுப்பியது நான் என்று தெரிந்தால் இந்த வீட்டில் எனக்கு ஒரு நாள்கூட இடம் கிடையாது. பிள்ளையை என்னோடு விடுவார்களா என்பதும் தெரியாது. 'குறும்பலா' என்ற புனைபெயரில் எழுதுவது நீ என்பது இவருக்கு இன்னும் தெரியாது. தொடரை நிறுத்து. போன் பண்ணாதே, என் போனை இவர் பார்க்கிறார். எழுத வேண்டுமானால் பள்ளி நூலக முகவரிக்கு எழுது. தபாலைப் பிரிப்பது நான்தான்.

ஆனந்தவள்ளி

*

குற்றாலம்
23.6.2025

என் கோபக்காரிக்கு,

உன் கடிதம் வந்தபோது வரவேற்பில் பதினேழு பேர் நின்றார்கள். சாரல் நன்றாக விழுகிறது, ஊரே ஈரத் துண்டோடு அலைகிறது. அறை எண் ஆறில் ஒரு குடும்பம் படுக்கை விரிப்பில் எண்ணெயோடு புரண்டுவிட்டு, விரிப்பு முன்னாலேயே அப்படித்தான் இருந்தது என்று சண்டை போடுகிறது. இதற்கு நடுவில் உன் கடிதத்தை லெட்ஜருக்கு அடியில் வைத்துப் படித்தேன். இரண்டாவது பக்கத்தில் என் முகம் போன போக்கைப் பார்த்து அறை ஆறின் அம்மாள், "பரவால்லம்மா, விரிப்ப நாங்களே அலசிக் குடுத்துருதோம்" என்று சொல்லிவிட்டாள். ஆக, உன் கோபத்தால் ஒரு நன்மை.

சரி, சிரிக்க வேண்டாம்.

பதினான்காவதை உனக்கு அனுப்பாததற்குக் காரணம் அவசரம்தான். சீசன் தொடங்குகிற வாரம். ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டு தடவை போன். எழுதி முடித்த கையோடு அனுப்பிவிட்டேன். தலையணை உறை எல்லாம் அத்தனை பெரிய அடையாளமா? நாட்டில் எத்தனையோ பேர் திருப்பிப் போடுவார்கள். உன் அத்தைக்கு மகள் நினைப்பு, அதனால் எதைப் பார்த்தாலும் அவளாகத் தெரிகிறது.

தொடரை நிறுத்த முடியாது. பதினைந்து, பதினாறு, பதினேழு மூன்றும் அதே அவசரத்தில் போய்விட்டன. பதினெட்டாவதுதான் கடைசி. அதை ஜூலை ஒன்பதுக்குள் அனுப்ப வேண்டும், பதினெட்டாம் தேதி இதழில் வரும். ஆனால் நீ பயப்படாதே. பதினைந்தில் அந்தப் பெண் செங்கோட்டையில் ரயில் ஏறி மலையைத் தாண்டிப் புனலூரில் இறங்கி, ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்கிறாள். நம் காளி போன திசை என்ன, இது என்ன! உன் வீட்டுக்காரர் கதையை நம்பினால் நமக்கு நல்லதுதான் என்று வைத்துக்கொள்.

உனக்கு ஒன்று சொல்லட்டுமா, வெள்ளிக்கிழமையிலிருந்து பத்திரிகைக்கு வருகிற வாசகர் மின்னஞ்சல்களில் பாதி அந்தத் தோழியைப் பற்றித்தான். அவள் மாட்டிக்கொள்வாளா, மாட்டிக்கொண்டால் வரவேற்புப் பெண் காட்டிக்கொடுப்பாளா என்று கேட்கிறார்கள். என் எழுத்துக்கு இப்படி யாரும் ஏங்கியது கிடையாது. இதை உன்னிடம் சொல்லிச் சந்தோஷப்படத்தான் இருந்தேன்.

சத்யா

*

தென்காசி
30.6.2025

சத்யா,

நல்லதுதான் என்று எழுதினாய். கேட்டுக்கொள்.

வெள்ளிக்கிழமை பதினைந்தாம் வாரம் வந்தது. சனிக்கிழமை காலை இவர் இரண்டு நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் புனலூர் போய்விட்டார். அங்கே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி, லேப் வாசலில் எல்லாம் நின்று, தெரிந்த அரைகுறை மலையாளத்தில் தங்கையின் போட்டோவைக் காட்டிக் கேட்டிருக்கிறார். பெண்கள் விடுதி ஒன்றில் காவலாளி இவரைச் சந்தேகப்பட்டு வெளியே தள்ளாத குறை. முப்பத்தெட்டு வயது மனுஷன், ஏட்டு, நீ கற்பனை செய்த லேபைத் தேடி மழையில் அலைந்திருக்கிறார். நேற்று மாலை சேறும் சகதியுமாக வந்து செருப்பைக் கழற்றினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சத்யா. அவர் காலைப் பார்த்து அழுகை வந்தது.

அத்தை அதைவிட மோசம். மகள் கெட்ட வழியில் போய்விட்டாள் என்றுதான் பத்து மாதமாக நினைத்திருந்தார். "நல்லாருக்கேன், தேடாதீங்க" என்று அவள் எழுதிய ஒரே கடிதத்தையும் எவனோ எழுத வைத்தது என்றார். இப்போது உன் கதையில் அந்தப் பெண் யாரோடும் ஓடவில்லை, வேலைக்குப் போகிறாள். அதைப் படித்ததிலிருந்து தலை நிமிர்ந்து நடக்கிறார். முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, "வேலைக்குத்தானட்டி போயிருக்கா" என்று என்னிடமே ஐந்து தடவை சொல்லிவிட்டார். உண்மை தெரிந்தவளாக அவர் எதிரே உட்கார்ந்து காய் நறுக்குவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. அதையும் எழுதிவிடாதே.

புனலூரில் ஒன்றும் கிடைக்காததால் இவர் மறுபடி பதினான்காம் வாரத்துக்குப் போனார். பெண்ணைத் தேடிவரும் அண்ணனுக்கு வரவேற்புப் பெண் டீ கொடுக்கிறாள். அவன் ஆடை படிந்த டீயைத் தொடாமல் வைத்துவிட்டுப் போகிறான். அந்தப் பக்கத்தை இவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். போன ஆகஸ்டில் உன் லாட்ஜில் இவர் டீயைக் குடிக்காமல்தான் வந்தாரா? அதையும் எழுதிவிட்டாயா? பிறகு பென்சிலை எடுத்துத் 'தோழி' என்ற வார்த்தையைச் சுற்றி வட்டம் போட்டார்.

"இவ யாருன்னு தெரிஞ்சாப் போதும்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அவர் உன்னிடம் வருவார். இன்றோ நாளையோ வருவார். அதற்குமுன் நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவசரம், சீசன் எல்லாம் வேண்டாம். போன வருஷம் உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட, வராந்தாவில் உட்கார்ந்து எழுதிய கதையை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பியவள் நீ. பதினான்காவதை ஏன் அனுப்பவில்லை?

ஆனந்தி

*

குற்றாலம்
4.7.2025

ஆனந்தி,

நீ அந்த வரியை அடிப்பாய் என்று தெரியும். அதனால்தான் அனுப்பவில்லை.

எழுதிவிட்டேன். இனி மூச்சு விடலாம்.

தலையணை உறை வரி பேனாவில் இறங்கியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷம் எழுதியதில் இப்படி ஒரு வரி வாய்த்தது இல்லை. ஒரு பெண் பயந்திருக்கிறாள், ஆனாலும் தன்னை விட்டுக்கொடுக்கவில்லை என்பது அந்த ஒரு காரியத்தில் முழுசாக இருந்தது. உன்னிடம் வந்தால் போய்விடும். உன்னையும் அந்த வரியையும் இரண்டு பக்கம் வைத்து நிறுத்திப் பார்த்தேன். வரியை எடுத்துக்கொண்டேன். உன் வீட்டில் அந்தப் பத்திரிகை வாங்குவார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

உன் வீட்டுக்காரர் நேற்று மத்தியானம் வந்தார். சீருடை இல்லை. சட்டை எல்லாம் சாரலில் நனைந்திருந்தது. கூட்டம் கலையும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு மேஜைக்கு வந்து பத்திரிகையை விரித்து வைத்தார்.

"இத எழுதுதது நீங்கதான?"

"ஆமா அண்ணாச்சி."

"ரூம் குடுத்தது?"

"அதுவும் நான்தான். பேர் எழுதாமக் குடுத்தேன். உங்ககிட்ட பொய்யும் சொன்னேன்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அன்னைக்கு நீ டீ குடுத்தப்ப அவ மாடியிலதான் இருந்தாளா?" என்று மெதுவாகக் கேட்டார். 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. தலையை ஆட்டினேன். "அம்மா அன்னைக்கு வண்டியிலதான் இருந்தாங்க. ரோட்டுல" என்றார். அது எனக்குத் தெரியாது ஆனந்தி. நீயும் சொன்னதில்லை. அது தெரிந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

"எங்க இருக்கா?"

"சத்தியமாத் தெரியாது. பஸ் ஏத்திவிட்டதோட சரி."

இது உண்மை. நீ எனக்குச் சொல்லாமல் வைத்தது நல்லதாகப் போயிற்று.

"கூட்டிட்டு வந்தது யாரு?"

"யாரும் வரல. தனியாத்தான் வந்தா. உங்க கல்யாணத்துக்கு வந்த அக்கான்னு எம் மொகம் தெரியும்லா, அதான் நேரா இங்கன வந்துட்டா."

"கதையில ஒருத்தி வாராளே."

"அது கற்பனை அண்ணாச்சி. கதைன்னா ஒரு தோழி வேணும்லா."

அவர் என்னையே பார்த்தார். "தலையணை நெசம். டீ நெசம். இது மட்டும் கற்பனையாக்கும்? சரி, கதைதான் இன்னும் முடியலையே. முடிவுல பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாட்ஜ் முதலாளி ஹைருன் பீவியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவருக்கு அழுகை, கோபம் எல்லாம் வந்தது. "என்ன புள்ள இது, ரெஜிஸ்டர்ல எழுதாமக் குடுத்தா லாட்ஜையே பூட்டிருவாங்களே, என் நெனப்பு வரவே இல்லியா ஒனக்கு?" என்று கேட்டார். வரவில்லை. அதுதான் உண்மை. நாளைக்கு மறுநாளோடு வேலையைவிட்டு நின்றுகொள்ளச் சொல்லியிருக்கிறார்.

இத்துடன் பதினெட்டாம் வாரம் இருக்கிறது. இந்தத் தடவை அனுப்பிவிட்டேன் பார். அண்ணன் லாட்ஜுக்குத் திரும்பி வந்து தோழி யார் என்று கேட்கிறான். வரவேற்புப் பெண் சொல்கிறாள்: "எனக்குத் தோழி என்று யாரும் கிடையாது. ஒருத்தி இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எல்லாவற்றையும் தனியாகச் செய்தேன் என்று சொல்லக் கூசியதால் ஒருத்தியை நானே உண்டாக்கிக்கொண்டேன்." அதோடு கதை முடிகிறது. உன் வீட்டுக்காரர் நம்புவார். அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

உன் ஒரு வரி உன்னிடம் இருக்கிறது. ஒன்பதாம் தேதிக்குள் சொல். லாட்ஜுக்கு எழுதாதே, சுரண்டையில் அண்ணன் வீட்டு முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

சத்யா

*

தென்காசி
7.7.2025

சத்யா,

நீ எழுதியதை இரண்டு நாளாகக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். பஸ்ஸில் ஒரு தடவை படித்தேன். கோயில் கோபுர வாசலில் காற்று தாளைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது, போனால் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் இருந்தது.

அவர் உன்னைப் பார்த்துவிட்டு வந்த அன்று வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். இவர் தேடிக் கிளம்பியதை உனக்குச் சொன்ன நான், அத்தையும் வண்டியில் இருந்ததை மறைத்தேன்தான். அது தெரிந்தால் நீ அன்றைக்குப் பொய் சொல்லியிருக்க மாட்டாய் என்று பயந்தேன். நீ ஒரு வரியை மறைத்தாய், நான் ஒரு தாயை மறைத்திருக்கிறேன். கணக்குப் பார்க்க வேண்டாம்.

"ஒன் ஃபிரண்டு இம்புட்டுப் பெரிய பொய்க்காரியா? ஒனக்கு ஒண்ணுமே தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். சும்மா பார்த்திருப்பாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நீ வேலையை விட்டுவிட்டாய். பொய்க்காரி என்ற பெயரையும் வாங்கிக்கொண்டாய். இப்போது தோழியே கிடையாது என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கப்போகிறாய். நான் அடிக்க வேண்டிய வரி எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பென்சிலைக்கூட அதன் மேல் வைத்தேன். அந்த வரியை அடித்தால் தோழி இருக்கிறாள் என்று ஆகிவிடும். இருந்தால் யார் என்று கேட்பார். அப்புறம் நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்?

ஒன்றையும் அடிக்கவில்லை. அப்படியே அனுப்பிவிடு.

என்னை நீ மதிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நன்றி என்று எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

ஆனந்தி

*

சுரண்டை
10.7.2025

ஆனந்தி,

நேற்றே அனுப்பிவிட்டேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை. "நல்ல முடிவு, யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்" என்று ஆசிரியர் குழுவில் பாராட்டினார்கள்.

கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது. நீ அடிப்பாய் என்று நினைத்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் நான், நீ பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி எழுதினேன், நீ அடிக்காததுதான் புத்திசாலித்தனம். எல்லாம் தெரியும். ஆனாலும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன். உன் பென்சில் கோடு ஒன்று இருக்கும் என்று பார்த்தேன். கதையில் தோழிகளுக்குச் சோதனை வைத்து வைத்து எனக்குக் கை பழகிவிட்டது போல. உனக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். வைத்தது எனக்கே உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. கேவலமான புத்தி. எழுதுகிறவளோடு சினேகம் வைத்துக்கொள்ளாதே என்று உன் அம்மா அன்றைக்கே சொன்னார்களே.

அண்ணனும் அண்ணியும் ஒன்றும் கேட்கவில்லை, அதுவே சங்கடம். இங்கே அருவிச் சத்தம் கிடையாது. காது சும்மா இருக்கிறது. உட்கார முடியவில்லை, எழுதவும் முடியவில்லை. அண்ணியின் கொத்தமல்லிப் பாத்திக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை தண்ணீர் விட்டு அழுக வைத்துவிட்டேன்.

பதினெட்டாம் தேதி இதழை நான் வாங்கப்போவதில்லை. இனி எழுத வேண்டாம். உனக்கும் ஆபத்து, எனக்கும் ஒவ்வொரு தடவையும் வாசலில் போய் நிற்கிற வேலை.

நன்றாக இரு.

சத்யா

*

தென்காசி தபால் நிலையம்
21.7.2025, திங்கள்

அன்புள்ள சத்யாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியாதபடி ஆகிவிட்டது. இங்கே பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை, "கண்ணுல தண்ணியா வருது, நீ வாசிட்டி" என்று பத்திரிகையை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் வாசித்தேன். இவர் ஸ்டேஷனிலிருந்து வந்து, சீருடையோடேயே நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்டார். 'எனக்குத் தோழி என்று யாரும் கிடையாது' என்ற இடம் வந்தது. குரல் உடையுமோ என்று பயந்தேன். உடையவில்லை. நன்றாகவே வாசித்துவிட்டேன், ஏற்ற இறக்கத்தோடு. அது எனக்கே அசிங்கமாக இருந்தது.

முடித்ததும் இவர் பெல்ட்டைக் கழற்றினார். நான்கு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

"முடிஞ்சிட்டு. அந்தப் பிள்ள தனியாத்தான் செஞ்சிருக்கு" என்றார். அப்புறம் என் பக்கத்தில் வந்து, அத்தைக்குக் கேட்காமல், "ஒம்மேலகூட ஒரு நேரம் சந்தேகப்பட்டுட்டேன் ஆனந்தி. மனசுல வெச்சுக்கிடாத" என்றார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்த மனுஷன் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், சத்யா. அவர் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்திருந்தால் கடைசிவரை தெரியாது என்று சொல்லியிருப்பேன். நான் செய்ததற்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டால் எப்படி?

"நீங்க கேக்காதீங்க. இதுல எழுதிருக்கது பொய். அந்தத் தோழி நான்தான். நான்தான் காளியக் கொண்டுபோய் விட்டேன்" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அவர் என் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தார். "இத ஏன் இப்பச் சொல்லுத? நான்தான் நம்பிட்டேனே" என்றார். அந்தக் குரலை எழுத எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தாலும் எழுதாதே. கழற்றிய பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போனார். மூன்று நாளாகப் போலீஸ் குடியிருப்பில் நண்பர் வீட்டில் இருக்கிறார். இன்று காலை பிள்ளையைப் பள்ளி வாசலில் பார்த்துவிட்டுப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. திரும்பி வருவாரா, வந்து என்ன சொல்வார், ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து போகிறேன்.

அத்தை? அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. என்னை வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று பிள்ளையின் பையைக் கையில் எடுத்துவிட்டேன். அவர் கேட்டது இதுதான்: "அந்த ரெண்டு நாளும் என்ன சாப்பிட்டா?"

முதல் நாள் ஒன்றும் சாப்பிடவில்லை, இரண்டாம் நாள் நீ தேங்காய்ப்பால் சொதி வைத்துச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாய் என்று சொன்னேன்.

"தின்னாளா?"

"ரெண்டு தடவ வாங்கித் தின்னாளாம்."

அதற்குப் பிறகுதான் அழுதார். அழுதுகொண்டே என்னைத் திட்டினார். வண்டியில் அவர் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்துக்குச் சேர்த்து, சனி ஞாயிறு முழுக்கத் திட்டினார். சவம், பாதகத்தி, சோத்துல மண்ணள்ளிப் போட்டவ, எல்லாம். சாப்பாட்டை மட்டும் என் தட்டில் முதலில் போட்டுவிட்டுத் திட்டினார். காளி எங்கன இருக்கா என்று நான்கைந்து தடவை கேட்டார். "அவகிட்ட கேட்டுட்டுத்தான் அத்த சொல்லுவேன்" என்றேன். கன்னத்தில் அறைவார் என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நேற்று அத்தையிடம் சொல்லிவிட்டுக் குற்றாலம் போனேன். ஹைருன் பீவியிடம், கூட்டிவந்தவள் நான், சத்யா நான் கேட்டதால்தான் செய்தாள் என்று சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. "ரெண்டு பேரும் சேந்து செஞ்சிட்டு, இப்ப ஆளுக்கொரு நாளா வந்து ஒப்புக்கிடுதீங்க. கூட்டம் கொறையட்டும், யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். அவ்வளவுதான் என்னால் வாங்க முடிந்தது. உன் இடத்தில் இன்னும் வேறு யாரையும் போடவில்லை, அதையும் பார்த்துவிட்டு வந்தேன்.

நீ கடிதத்தில் கோபம் என்று எழுதியது சரிதான். நான் அடித்திருக்க வேண்டும். ஒன்பது நாள் பிந்திவிட்டேன்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். காலையில் அத்தை ஒரு பாட்டில் நாரத்தங்காய் ஊறுகாயும் புதுப் போர்வை ஒன்றும் எடுத்து வைத்து, "கெளம்பு, தபாலாபீசுக்குப் போவோம்" என்றார். இங்கே வந்து பார்சலைக் கட்டியதும் பேனாவை என் கையில் கொடுத்தார். "விலாசம் நீ எழுது. நான் பாக்கல" என்று சொல்லிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த சேமிப்புத் திட்ட விளம்பரத்தைப் பார்த்தபடி எனக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் எழுதி முடித்து, கவுண்டரில் இருந்த பெண் அதை உள்ளே எடுத்து வைக்கும்வரை திரும்பவே இல்லை. திரும்பியபோது முந்தானை நனைந்திருந்தது.

இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். இன்னும் எவ்வளவு நேரம் எழுதுவாய் என்று பார்க்கிறார்.

"யாருக்குட்டி?"

"சத்யாவுக்கு."

"அந்தப் பொய்க்காரிக்கா?"

"ஆமா அத்த."

பார்சல் கட்டி மிஞ்சிய கயிற்றை விரலில் சுற்றினார். இப்போது சொல்கிறார், அப்படியே எழுதுகிறேன்: "நல்லா நாலு வார்த்த திட்டி எழுது. எழுதிட்டு, நான் கேட்டேன்னு சொல்லு."

கேட்டார்கள், சத்யா.

ஆனந்தி